ஊறவைப்பதா, சுடுவதா, அறுப்பதா? துரு ஏறிய சைலன்சர் நட்டையும் சென்சாரையும் வீட்டில் கழற்றுவது

புது ஹெடரை (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுப்பு) வாங்கி அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அந்த இடத்தில் கம்பெனி போட்டிருக்கும் பழைய மேனிபோல்டு கழன்றால்தானே புதுசை மாட்ட முடியும்? நாலு நட்டு வந்துவிட்டது, ஐந்தாவது முனை மழுங்கி வழுக்குகிறது, புகையில் இருக்கும் ஆக்சிஜனை அளக்க அதில் மாட்டியிருக்கும் ஆக்சிஜன் சென்சார் அசையவே இல்லை, "ஆயில் அடிச்சு விடவா, கேஸ் வெச்சு சுடவா, இல்ல கிரைண்டர் போட்டு அறுத்துடவாண்ணே" என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வரும். ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறேன் என்று ஒரு தம்பி கோபித்துக்கொண்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதிவிடுகிறேன்.

என் வண்டி பழைய ஹோண்டா சிட்டி விடெக் கார், சென்னை திருவான்மியூரில் கடலுக்கு நடக்கிற தூரத்தில் நிற்கிறது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவதால் காரின் அடிப்பாகம் அரித்துப்போகும். நமக்கு அந்த வேலையைக் கடற்காற்று காசு வாங்காமல் செய்துகொடுக்கிறது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். அதிலும் சைலன்சர் பக்கத்து நட்டு மற்ற நட்டுகளைப் போல இல்லை. தினமும் நன்றாகச் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் (நட்டு ஏறும், தலையில்லாத மரைக்கம்பி) நடுவில் துரு வளர்ந்துகொண்டே போகிறது. துரு என்பது அரித்துப்போன இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் பொருள், அதனால் மரைக்குள்ளேயே ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும்.

## முதலில் யோசிக்க வேண்டியது

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எது பிழைக்கணும் என்று கேளுங்கள். இது ஒன்றுதான் நான் உண்மையில் சொல்ல வருவது, மிச்சமெல்லாம் அதன் விளக்கம்.

ஹெடர் மாற்றுகிறீர்கள் என்றால் பழைய மேனிபோல்டு குப்பைக்கோ பழைய சாமான் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்கோ போகப்போகிறது, நட்டும் போகப்போகிறது, ஸ்டட்கூடப் போகலாம். போகக் கூடாதது எஞ்சின் ஹெட்டில் (எஞ்சினின் மேல்பகுதி, மேனிபோல்டு இதில்தான் மாட்டியிருக்கும்) இருக்கும் மரை. அது அலுமினியம். பெரும்பாலான ஜப்பானிய கார்களில் ஹெட்டில் இருப்பது எம்8 ஸ்டட் (8 மில்லிமீட்டர் தடிமன்), 12 நம்பர் ஸ்பேனர். கீழே குழாய் சேரும் இடத்தில் எம்10, 14 நம்பர். கீழே இருக்கும் எம்10 போல்ட்டு உடைந்தால் நட்டும் போல்ட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். மேலே எம்8 ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே உடைந்தால் அது வேறு கதை, அதைப் பிறகு சொல்கிறேன். ஆகவே ஒரே காரில், ஒரே நாளில், ஒரு நட்டுக்கு ஒரு வழியும் பக்கத்து நட்டுக்கு இன்னொரு வழியும் சரியாக இருக்கும்.

அடுத்தது இடம். பின்னால் தடுப்புச் சுவரும், முன்னால் ரேடியேட்டர் ஃபேனும், பக்கத்தில் ஒயர் கட்டும் இருக்கிற இடத்தில் நெருப்பு காட்ட முடியாது. அப்புறம், வேலை பாதியில் நின்றால் என்ன செய்வீர்கள் என்பது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்துவிட்டு, உதிரிபாகம் விற்கும் ஜி.பி. ரோடில் முக்கால்வாசிக் கடை மூடியிருக்கும் ஞாயிறு சாயங்காலம் ஸ்டட்டை உடைத்தால், திங்கட்கிழமை ஆபீசுக்கு ஆட்டோதான். செலவைக் கடைசியாகப் பார்த்தால் போதும், ஏனென்றால் இந்த வேலையில் கருவியின் விலையைவிடத் தப்பின் விலைதான் பெரிது.

| வழி | எங்கே நல்லது | எங்கே ஆகாது | தெரியாமல் விழும் செலவு |
|---|---|---|---|
| ஊறவைத்துக் கையால் கழற்றுவது | ஹெட் ஸ்டட்டுகள், திரும்ப மாட்ட வேண்டிய சென்சார் | முனை மழுங்கிய நட்டு | இரண்டு மூன்று நாள் நேரம் |
| சூடு | இரும்பு நட்டு, சென்சார் உட்காரும் வளையம் | பெட்ரோல் லைன், ஒயர், ரப்பர் பக்கம் | பக்கத்தில் இருக்கும் ரப்பர் புஷ், ஒயர் |
| இம்பாக்ட் கன் (அடித்து அடித்துத் திருப்பும் மெஷின்) | கீழே இருக்கும் பெரிய போல்ட்டுகள் | எம்8 ஸ்டட், நல்ல சென்சார் | உடைந்த ஸ்டட் |
| அறுப்பது | எப்படியும் தூக்கிப்போடும் ஃபிளாஞ்சு (இரண்டு குழாய் சேரும் தட்டு), போல்ட்டு | ஹெட்டை ஒட்டிய இடம் | தீப்பொறி, கீறல் விழுந்த ஃபிளாஞ்சு முகம் |
| பட்டறை | உள்ளே உடைந்த ஸ்டட் | வண்டி நகராத நிலை | டோ செய்யும் கூலி |

## ஊறவைத்துக் கையால் கழற்றுவது

எல்லாரும் முதலில் எடுப்பது நீல-மஞ்சள் டப்பா. டபிள்யூடி-40 கெட்டது இல்லை, ஆனால் அந்தப் பெயரே தண்ணீரை விரட்டுவது என்ற அர்த்தத்தில் வைத்தது. சாதாரண டப்பாவில் இருப்பது துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே செய்த ஆயில் இல்லை. அதற்கென்று தனியாக விற்கும் ஊடுருவும் ஆயில் நன்றாக வேலை செய்யும். கியர் ஆயில் கடையில் கிடைக்கும் ஏடிஎஃப்-ஐயும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) அசிடோனையும் பாதிக்குப் பாதி கலந்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு, நானும் கலந்திருக்கிறேன். இரண்டும் ஒட்டாது, ஒவ்வொரு முறையும் குலுக்கணும், சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. பழைய மெக்கானிக்குகள் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள்.

எந்த ஆயில் என்பதைவிட எவ்வளவு நேரம் என்பது முக்கியம். வெள்ளிக்கிழமை ராத்திரி கம்பி பிரஷ்ஷால் ஸ்டட்டின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைத் தேய்த்துவிட்டு ஆயில் விடுங்கள். சனிக்கிழமை காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவில் வண்டியை ஓட்டிச் சூடாக்கி ஆறவிட்டால் இன்னும் நல்லது, ஆனால் ஆயில் சொட்டும் மேனிபோல்டு புகையும், பதறாதீர்கள். நட்டின் பக்கவாட்டில் சின்ன சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் துரு விரிசல் விட்டு ஆயிலுக்கு வழி கிடைக்கும்.

கழற்றும்போது ஆறு முனை பாக்ஸ்தான் (நட்டை முழுசாக மூடிப் பிடிக்கும் சாக்கெட்). பன்னிரண்டு முனை பாக்ஸும் ஓப்பன் ஸ்பேனரும் துரு தின்ற நட்டை ஒரே இழுப்பில் உருண்டையாக்கிவிடும். துருப்பிடித்து இளைத்த 12 நம்பர் நட்டில் 11 நம்பர் பாக்ஸை வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றலாம். முதலில் கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, கொஞ்சம் ஆயில் விட்டு, மறுபடி. (காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு எந்தப் பக்கம் கழற்றும் பக்கம் என்று குழம்பி, பத்து நிமிஷம் இறுக்கிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு மட்டும் இருக்க வாய்ப்பில்லை.)

கையில் தெரியும் ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். நல்லபடியாகக் கழலும் நட்டு "டக்" என்று ஒரு சத்தம் போடும், அப்புறம் கிரீச்சென்று முனகிக்கொண்டே வரும். உடையப்போகும் ஸ்டட் சத்தமே போடாது. ஜவ்வுமிட்டாயை முறுக்குவது மாதிரி மெத்தென்று திரும்பும், ஸ்பேனரை விட்டால் கொஞ்சம் பின்னால் வரும். அந்த மெத்தென்ற உணர்வு வந்த நொடியில் நிறுத்துங்கள். கை மூலம் இந்தச் சேதி வருவதால்தான் ஹெட் ஸ்டட்டுகளுக்கு நான் எப்போதும் கை ஸ்பேனரையே சொல்கிறேன்.

ஸ்பேனரில் பைப்பு சொருகி நீட்டம் கொடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கீழ் போல்ட்டுக்குச் சொருகலாம். ஹெட்டில் சொருகாதீர்கள். நான் சொருகினேன்.

நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து கழன்று வந்தால் கவலைப்படாதீர்கள், சொல்லப்போனால் அதுதான் நல்லது. புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம்.

## சூடு

ஆயிலுக்கு மசியாததற்கு அடுத்த படி இது. நட்டைச் சூடாக்கணும், ஸ்டட்டை இல்லை. நட்டு விரியும், உள்ளே இருக்கும் ஸ்டட் அதே அளவு விரிவதற்குள் திருப்பிவிடணும். கணக்குப் போட்டால் 10 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரும்பு 300 டிகிரி சூடேறினால் 0.04 மில்லிமீட்டர்கூட விரியாது. கேட்க ஒன்றுமே இல்லாத அளவுதான், ஆனால் துருவின் பிடியை நொறுக்க அது போதும்.

வீட்டில் வைத்துக்கொள்ள பியூட்டேன் கேன் மேல் மாட்டும் சின்ன டார்ச் இருக்கிறது. சமையலுக்கும் உதவும் என்று வீட்டில் சொல்லி வாங்கலாம். எம்8 நட்டுக்கு அது ஓரளவு போதும், மேனிபோல்டு என்ற பெரிய இரும்புக் கட்டி சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் நேரம் பிடிக்கும். பட்டறைக்காரர் கேஸ் வெல்டிங் நெருப்பை வைத்தால் அரை நிமிஷத்தில் நட்டு ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிடும். அங்கேதான் ஆபத்தும். சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும், அதுவும் சிவக்காமல், எச்சரிக்கை தராமல், அப்படியே சரிந்துவிடும். ஹெட்டை ஒட்டிய நட்டில் பெரிய நெருப்பை வைக்க அனுபவமுள்ள கை வேண்டும்.

எனக்குப் பிடித்த வித்தை மெழுகுவர்த்தி. நட்டை நன்றாகச் சூடாக்கி, டார்ச்சை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தியின் முனையை நட்டும் ஸ்டட்டும் சேரும் கோட்டில் வையுங்கள். மெழுகு தண்ணியாக உருகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரைக்குள் இழுத்துக்கொண்டு போகும், லேசாகப் புகையும். ஒரு நிமிஷம் விட்டு ஸ்பேனர் போட்டால், முன்தினம் அசையாத நட்டு மரியாதையாக வரும். எப்போதும் இல்லை. பாதிக்கு மேல் வந்திருக்கிறது.

ஆயில் அடித்த கையோடு நெருப்பு வைக்காதீர்கள், துடைத்துவிட்டு வையுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள்: குளோரின் கலந்த கிளீனர் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும். ஒரு தீயணைப்பான், இல்லாவிட்டால் ஒரு வாளி மணலாவது கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

## இம்பாக்ட் கன்

இதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரி இம்பாக்ட் இப்போது கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கிறது, கீழே இருக்கும் எம்10, எம்12 போல்ட்டுகளுக்கு அதுபோல வராது, டடடட என்று அடித்து அடித்து துருவைக் குலைக்கும். ஆனால் முன்னால் சொன்ன ஜவ்வுமிட்டாய்ச் சேதி இதில் கைக்கு வராது. எம்8 ஸ்டட்டை ஒரு நொடியில் அறுத்துவிட்டு, கழன்றுவிட்டது என்று உங்களை நம்பவைக்கும். திரும்ப மாட்ட வேண்டிய சென்சார் மேலும் வைக்காதீர்கள், உள்ளே இருப்பது பீங்கான்.

## அறுப்பது

பலர் இதைத் தோல்வி என்று நினைத்துக் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் ஃபிளாஞ்சு போல்ட்டு, ஸ்பிரிங் வைத்த போல்ட்டு, சூட்டைத் தடுக்கும் தகடான ஹீட் ஷீல்டின் 10 நம்பர் போல்ட்டுகள் (இவை எப்படியும் தொட்டாலே உடையும்), இதற்கெல்லாம் நான் ஆயில்கூட வீணாக்குவதில்லை. நாலு இஞ்ச் கிரைண்டரில் மெல்லிய கட்டிங் வீல் போட்டு, நட்டின் ஒரு பக்கத்தை ஸ்டட்டுக்கு இணையாக, மரையைத் தொடும்வரை மட்டும் அறுத்து, வெட்டில் உளியை வைத்து ஒரு அடி. நட்டு வாயைப் பிளந்துகொள்ளும், ஸ்டட்டுக்குச் சேதமில்லை. கிரைண்டர் நுழையாத இடத்துக்கு நட்டைப் பிளக்கும் கருவி இருக்கிறது, ரம்பமும் இருக்கிறது, பொறுமை இருந்தால்.

கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள். மல்லாந்து படுத்த நிலையில் பொறி நேரே முகத்தில்தான் விழும். பெட்ரோல் டேங்க் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு பொறி பறக்கும் திசையை முடிவுசெய்யுங்கள். புது ஹெடரோடு சேரப்போகும் ஃபிளாஞ்சின் முகத்தில் வீல் பட்டுவிட்டால் கேஸ்கட் எவ்வளவு நல்லது போட்டாலும் புகை கசியும், இதுதான் அறுப்பதில் பின்னால் வந்து கடிக்கும் செலவு.

## பட்டறைக்குக் கொடுப்பது

இப்போது அந்தக் கதை. ஹெட்டில் மூலையில் இருந்த ஒரு ஸ்டட்டுக்குப் பைப்பு போட்டேன், மெத்தென்று வந்தது, வருகிறது என்று சந்தோஷப்பட்டேன், ஹெட் மட்டத்துக்கே உடைந்தது. அங்கே விட்டிருந்தால் ஆயிரம், இரண்டாயிரத்தில் முடிந்திருக்கும். ஈஸி அவுட் என்று ஒரு கருவி விற்கிறார்களே, நடுவில் துளை போட்டு அதை அடித்து இறக்கி எதிர்ப்பக்கம் திருப்பினால் உடைந்த துண்டு வந்துவிடும் என்று. துளை நடுவில் விழவில்லை, கொஞ்சம் ஓரமாகப் போனது. ஈஸி அவுட் உள்ளேயே முறிந்தது. அது கடினப்படுத்திய எஃகு, சாதாரண டிரில் அதன் மேல் வழுக்கிக்கொண்டு பக்கத்து அலுமினியத்தைத் தின்னும். கடைசியில் ஹெட்டையே இறக்கி, அம்பத்தூரில் ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுப்பது) செய்யும் ஒரு பட்டறையில் கொடுத்து எரித்து எடுத்தோம். ஹெட் கேஸ்கட், கூலன்ட், ஆயில், பட்டறைக் கூலி, பத்து நாள் வண்டி இல்லாதது, எல்லாம் ஒரு சின்ன ஸ்டட்டுக்கு.

உடைந்த ஸ்டட்டுக்குச் சரியான வழி, அனுபவமுள்ள வெல்டர். உடைந்த முனையின் மேல் ஒரு வாஷரை வைத்து வெல்டு பிடித்து, அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கம் வெல்டால் நிரப்புவார். வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது, இரும்பில் மட்டும்தான் பிடிக்கும், அதனால் பயமில்லை. வெல்டின் சூடே துருவைக் குலைத்துவிடும், பிடிக்கவும் புது நட்டு கிடைத்துவிட்டது. லேசாகச் சிவப்பு போனதும் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் அசைப்பார், வரும். முதல் தடவை வெல்டு விட்டுப்போனால் இரண்டாவது, மூன்றாவது. வெல்டு பிடிப்பதற்கு முன் பேட்டரி கழற்றியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

வண்டி நகரும் நிலையில் இருக்கும்போதே, அதாவது முதல் நட்டைத் தொடுவதற்கு முன்பே, இரண்டு ஸ்டட் மோசமாகத் தெரிந்தால் அந்த இரண்டை மட்டும் பட்டறையில் சூடுகாட்டித் தளர்த்தி, லேசாகத் திரும்ப இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம். மிச்சத்தை வீட்டில் நிதானமாகச் செய்யலாம். இந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை.

## சென்சாருக்கு வேறு கணக்கு

ஆக்சிஜன் சென்சாரின் மரை பெரும்பாலும் எம்18, 1.5 பிட்ச் (மரைகளின் இடைவெளி), பிடிக்கும் முனை 22. இங்கேயும் எது பிழைக்கணும் என்பதுதான் கேள்வி, ஆனால் மூன்று விதமாக.

சென்சாரைத் தூக்கிப்போடப் போகிறீர்கள், அது உட்கார்ந்திருக்கும் குழாய் வேண்டும் என்றால்: ஒயரை வெட்டிவிடுங்கள். மனசு வராது, வெட்டுங்கள். ஒயர் போனபிறகு 20-22 ரிங் ஸ்பேனரோ ஆழமான ஆறு முனை பாக்ஸோ முழுசாகப் பிடிக்கும். ஒயருக்காக ஒரு பக்கம் பிளந்திருக்கும் சென்சார் பாக்ஸ், உண்மையான பலம் கொடுக்கும்போது வாய் அகன்று முனையை மழுக்கிவிடும். சூடு காட்டினால் சென்சாருக்கு இல்லை, அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கு. வந்தபிறகு மரையை எம்18 டேப்பு (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்யுங்கள். மரையே உரிந்து வந்துவிட்டால் சைலன்சர் கடையில் புது வளையம் வெல்டு செய்து தருவார்கள், உலகம் இடிந்துவிடாது.

குழாய் போகிறது, சென்சார் வேண்டும், ஹெடர் மாற்றும்போது இதுதான் வழக்கம்: காரில் வைத்துச் சென்சாரோடு மல்லுக்கட்டவே வேண்டாம். கனெக்டரை மட்டும் எடுத்துவிட்டு, மேனிபோல்டைச் சென்சாரோடு சேர்த்து வெளியே எடுங்கள். பெஞ்ச் வைஸில் கவ்வி வைத்தால் நின்றுகொண்டு, நேராக, இரண்டு கையாலும் பலம் கொடுக்கலாம். அப்படியும் வராவிட்டால் வளையத்தைச் சென்சார் மரையைத் தொடாமல் அறுத்துப் பிளந்துவிடலாம், குழாய்தான் குப்பைக்குப் போகிறதே. கீழே போடாதீர்கள், முனையில் ஆயில் படவிடாதீர்கள், சிலிக்கோன் எதுவும் பக்கத்தில் வேண்டாம், சிலிக்கோன் புகை சென்சாரைக் கெடுக்கும்.

இரண்டும் வேண்டும் என்பதுதான் கஷ்டம். எஞ்சினைச் சில நிமிஷம் ஓட்டி, குழாய் வெதுவெதுப்பாக இருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு முயற்சி செய்யுங்கள். அதற்கும் வராவிட்டால் என் தீர்ப்பு, சென்சாரை விட்டுவிட்டுக் குழாயைக் காப்பாற்றுங்கள். பத்து வருஷ சென்சார் எப்படியும் மந்தமாகியிருக்கும்.

நடுவில் இதையும் சொல்லிவிடுகிறேன்: கேட்டலிஸ்ட்டையே கழற்றிவிட்டு வெறும் குழாய் போடுவதற்கு இந்தக் கட்டுரையைப் பயன்படுத்தாதீர்கள். புகை, சத்தம் இரண்டிலும் வரம்பு மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. அதைவிட, பின்னால் வரும் பைக்காரர் பாவம்.

## திரும்ப மாட்டும்போது

பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள், தானே இறுகிப் பிடிக்கும் வகை நட்டு ஒரு தடவைக்குத்தான். ஸ்டட்டில் நிக்கல் கலந்த ஆன்டிசீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் களிம்பு) கொஞ்சம் தடவுங்கள். புது சென்சார் மரையில் பெரும்பாலும் கம்பெனியே தடவி அனுப்பியிருக்கும், மேலே இன்னொரு பூச்சு வேண்டாம். பளபளப்பாக இருக்கிறதே என்று எவர்சில்வர் நட்டும் எவர்சில்வர் போல்ட்டும் ஜோடியாகப் போட்டால் இரண்டும் கடித்துக்கொண்டு துருவே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். இறுக்கும் பலம் சென்சாருக்குச் சுமார் 40 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு அதில் பாதி, உங்கள் கார் மேனுவலில் வேறு இருந்தால் அதுதான் சரி. ஒருநாள் ஓட்டி நன்றாகச் சூடாகி ஆறியபிறகு ஒருமுறை எல்லா நட்டையும் தொட்டுப் பாருங்கள். என் வண்டியில் மூலையில் இருக்கும் அந்த ஒன்றை நான் இன்னும் மாதம் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன்.